சீலா மீன் தலையும் சி.என்.ஜி. அடுப்பும்

கவனமாகக் கேளுங்கள், கடைசியில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப் போகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்த்தோணி ஒன்றில் கஸ்பார் சமையல்காரன். பத்து வருஷம் விறகுப் புகையில் கண்ணைக் கசக்கியவன். இந்தப் பயணத்துக்குத்தான், தோணியை நடத்தும் தண்டல் ராயப்பனிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கேஸ் அடுப்பு வாங்கியிருந்தான். வீட்டுச் சிலிண்டர் அல்ல. ஆட்டோக்களுக்கு நிரப்புகிறார்களே, அந்த சி.என்.ஜி. புகையும் இல்லை, கரியும் இல்லை. கஸ்பாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தண்டலுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கட்டு விறகையும் ஏற்றியிருந்தார்.

மூன்றாம் நாள் காலை பெரிய சீலா மீன் ஒன்று தூண்டிலில் மாட்டியது. அந்தத் தோணியில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு நல்ல காரியம் செய்தவனுக்கு மீன் தலை. யாருக்கென்று சொல்வது சமையல்காரன். தனக்கென்று அவன் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கஸ்பார் அடுப்பறைக்குள் குனிந்து மூட்டையிலிருந்து வெங்காயம் பொறுக்கினான். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்தான், கேஸ் நெடி மூக்கைத் துளைத்தது. குழாயில் கசிவு! சட்டென்று சிலிண்டரை மூடிவிட்டு, "யாரும் தீக்குச்சி உரசிராதீங்க!" என்று கத்தினான்.

அவன் மனைவியின் அண்ணன் மிக்கேல் ஓடி வந்தான். முன்பு வேலை பார்த்த தோணியில் வீட்டுச் சிலிண்டர் இருந்தது. அங்கே பழகிய பழக்கம் அவனுக்கு. தரைப் பலகைகளைத் தூக்கி, அடியில் இருந்த வெறுங்காற்றை வாளி வாளியாக மொண்டு கடலில் கொட்டத் தொடங்கினான். தோணியில் பாய் ஏற்றி இறக்கும் சிலுவை என்பவனோ, அடுப்பறையின் கூரை மூடியைத் திறந்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான்.

"ஏலே, நான் இங்க கெடந்து சாவுதேன், நீ காத்து வாங்குதியா?" என்றான் மிக்கேல்.

"வேற என்ன செய்யணும்?" என்றான் சிலுவை.

அரை மணி நேரத்தில் நெடி அடங்கியது. கஸ்பார் குழாயை இறுக்கி, சோப்பு நுரை தடவிப் பார்த்தான். கசிவு நின்றிருந்தது.

தண்டல் வந்தார். "கேஸ் யாரால வெளிய போச்சோ, அவனுக்குத் தலையக் குடு. ஆள் மாறிச்சுன்னா, தன் அடுப்போட கொணம் தெரியாதவனுக்கு வெறகே போதும். அடுப்பு கடலுக்குத்தான்."

கஸ்பார் இரண்டு பேரையும் மனசுக்குள் எடைபோட்டான். மச்சான் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறான். அவனை விட்டுவிட்டால் ஊரில் வீட்டுப் படி ஏற முடியாது. மாற்றிக் கொடுத்தாலோ அடுப்பு போய்விடும்.

சொல்லுங்கள், சீலாத் தலை யாருக்கு? மிக்கேலுக்கா, சிலுவைக்கா?

விடை: சிலுவைக்கு. வீட்டுச் சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கீழே தேங்கும். அங்கே மிக்கேலின் வாளிக்கு வேலை உண்டு. சி.என்.ஜி. காற்றைவிட லேசு, மேலே ஏறும். குனிந்தபோது தெரியாத நெடி நிமிர்ந்தபோது தெரிந்ததே! அதை நினைத்துத்தான் கஸ்பார் தலையைச் சிலுவையின் தட்டில் வைத்தான். மிக்கேலுக்கு நடுத்துண்டு நான்கு. சோறு முடிவதற்குள் அவன் கோபமும் முடிந்தது. தண்டல் குழம்பை வழித்துச் சாப்பிட்டுக் கை கழுவினார். "மாலத்தீவுல போய் இறங்குனதும் அந்த வெறக யாருக்காவது குடுத்துரு" என்றார்.