நான்கு எலுமிச்சம்பழமும் கறுப்புக் காரும்

நாமக்கல்லில் பழைய கார் விற்கும் அர்த்தநாரி, சின்ன வண்டி கேட்டு வருபவர்களை உட்காரக்கூடச் சொல்லமாட்டார். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் பாப்பாத்தியையும் அவள் மகள் கோகிலவாணியையும் அப்படித்தான் நிற்கவைத்தார். மூட்டுவலியால் பாப்பாத்தியால் பஸ் படி ஏற முடியவில்லை. அதனால்தான் மகள் வேலைக்குப் போன முதல் வருடமே கார் தேடி வந்திருந்தாள்.

"பட்டம் வாங்கின பிள்ளைக்குச் சின்ன வண்டி கௌரவமா? இந்தக் கறுப்பு வண்டியை எடு. கொல்லிமலை வளைவெல்லாம் வெண்ணெய் மாதிரி இறங்கும். என் டீ ஆறுறதுக்குள்ள முடிவு சொல்லு" என்றார் அர்த்தநாரி.

"இன்சூரன்ஸ் எவ்வளவுங்க வரும்?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"அதெல்லாம் அப்புறம்."

கோகிலவாணி பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்துக் கறுப்பு வண்டியின் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தாள்.

"நல்லதுங்க. முதல் ஓட்டம் உங்க கைராசியில இருக்கட்டும். கல்லாவுல இருக்கற உங்க பொண்ணைப் பக்கத்துல வச்சுக் கொல்லிமலை ஏறி இறங்கிட்டு வாங்க. வந்ததும் எடுத்துக்கறேன்."

அவர் மகள் உற்சாகமாக எழுந்து வந்து கதவைத் திறந்தாள். "போலாம்ப்பா!"

"ஏறாத கண்ணு!" என்று அலறினார் அர்த்தநாரி. "அதுல பிரேக் சரியில்ல."

டீயில் இன்னும் ஆவி பறந்தது.

"உங்க பொண்ணு எந்த வண்டிங்க ஓட்டறாங்க?" என்றாள் கோகிலவாணி.

அவர் தலைகுனிந்து மூலையில் நின்ற சின்ன வெள்ளை வண்டியைக் காட்டினார். "சின்ன இன்ஜின். இன்சூரன்சும் கம்மி. அதையே எடுத்துக்கம்மா." பிறகு பாப்பாத்திக்குத் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

எலுமிச்சம்பழங்கள் வெள்ளை வண்டிக்கு மாறின. கோகிலவாணி பயந்து பயந்து ஓட்டினாள்.

"ரொம்ப மெதுவாப் போறனாம்மா?"

"போ சாமி. உக்காந்துதானே போறோம்."