கூழ்வத்தல் காத்த பூங்கா

ஒரு ஊர்ல ஒரு காலி எடம் இருந்துச்சாம். பூங்காவுக்குன்னு விட்ட எடம். பூங்கா எங்க இருந்துச்சு? வெறும் கருவேலமுள்ளுதான். "ம்" கொட்டு, இல்லைன்னா கதை நின்னுரும். ஆங், அப்படி.

அந்தத் தெருவுல குருவம்மான்னு ஒருத்தி. அவ மவ பேச்சி ரோட்டுல பந்து விளையாடப் போயி, ஆட்டோ இடிச்சு, டமார்! கை ஒடிஞ்சுபோச்சு. பிள்ளைங்க விளையாட அந்த எடம் வேணும்னு அன்னைக்கே குருவம்மா ஒத்தக்கால்ல நின்னா.

அப்போ ஆவுடையப்பன்னு ஒரு முதலாளி போலிப் பத்திரத்தைத் தூக்கிட்டு வந்தாரு. "இது என் எடம், நாலு மாடிக்குக் கடை கட்டப்போறேன்"னாரு. குருவம்மா கோர்ட்டுக்குப் போனா. கோர்ட்டு ஆடி அசைஞ்சுதானே வரும்? அதுவரைக்கும் எடத்தைக் காக்கணுமே! தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் சேர்ந்து, முள்ளை வெட்டிப்போட்டு, எடம் பூரா வேட்டியை விரிச்சு கூழ்வத்தல் ஊத்திட்டாங்க.

மொத நாள் மண்ணு தோண்டுற மிஷின் வந்துச்சு, கடகடகடன்னு. ஓட்டுறவன் பேரு மாசாணம். வத்தலைப் பார்த்தான், டக்குனு நிறுத்திட்டான். "முதலாளி, காயுற வத்தல் மேல ஏத்தினா எங்கம்மா என்னை வீட்டுல சேக்க மாட்டா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

ரெண்டாம் நாள் நாலு தடியனுங்க வந்தானுங்க. குருவம்மா ஆளுக்கொரு குச்சியைக் குடுத்தா. "அடுப்புல கூழு அடிபிடிக்குது, காக்கா வராம பாத்துக்கிடுங்கய்யா"ன்னா. அவனுங்களும் சாயங்காலம் வரைக்கும் "ஓய்! ஓய்!"னு காக்கா விரட்டிட்டு, அரைக்காய்ச்சல் வத்தலைத் தின்னுட்டுப் போனானுங்க. வந்த வேலை மறந்தே போச்சு.

தூங்கிட்டியா? "ம்" சொல்லு.

மூணாம் நாள் மாசாணத்தை மிஷினோட இழுத்துக்கிட்டு முதலாளியே வந்தாரு. "வத்தலாவது தொத்தலாவது, ஏத்துலே!"ன்னாரு. அப்போ பார்த்து சடசடன்னு மழை! "ஐயோ, வத்தல் நனையுது!" கத்துனது யாருங்கிற? முதலாளிதான்! வத்தல் நனையுறதைப் பார்த்துக்கிட்டு எவனால சும்மா நிக்க முடியும்? வேட்டியோட சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, குருவம்மா வீட்டுக்கும் எடத்துக்குமா ஓடுறாரு. மாசாணமும் குதிச்சு இறங்கி ஓடுறான். எல்லாத்தையும் கரை சேத்துட்டுத் திரும்பிப் பார்த்தா, மிஷின் பொதக்குனு சேத்துல பாதி முங்கிக் கெடக்கு! அதை வெளிய இழுக்க எட்டு நாளாச்சு. ஒம்பதாம் நாள் கோர்ட்டு சொல்லிருச்சு, எடம் பூங்காவுக்குத்தான்னு.

அப்புறம் திறப்பு விழா. டும் டும்னு மேளம். பெரிய மனுஷங்க வந்தாங்க, ரிப்பனை வெட்டினாங்க, ஆளாளுக்கு மாலை போட்டுக்கிட்டாங்க, போயிட்டாங்க. பிள்ளைங்க மட்டும் வாசல்லயே நிக்குது. ஏன்னு கேளு. உள்ள ஒரு போர்டு. "ஓடாதே. கத்தாதே. புல்லை மிதிக்காதே. பந்து விளையாடாதே."

குருவம்மாவுக்கு வந்துச்சே கோவம்! போர்டைப் பிடுங்கினா. புல்லு நடுவுல கொண்டுபோய்ச் சதக்குனு நட்டா. வாட்ச்மேன் ஓடி வந்தாரு.

"யம்மா, என்ன இது?"

"ஸ்டம்பு அண்ணாச்சி. பந்து போடத் தெரியுமா?"

தெரியுமாம். பேச்சி மட்டையைத் தூக்கினா. வாட்ச்மேன் ஓடி வந்து பந்து போட்டாரு. "பந்து விளையாடாதே"ங்கிற எழுத்து மேலயே, டொக்! பேச்சி மொத பந்துலயே அவுட்டு.

ஆட்டமும் முடிஞ்சுது, கதையும் சாஞ்சுது, நீயும் சாஞ்சுக்கோ, தூங்கு.