டம்ளரை விடாத டீச்சர்

“டீச்சர், இந்த சர்வர் என்னைப் பழி வாங்குது,” என்றார் சௌந்தரபாண்டி.

ஒரு காலில் செருப்பு இன்னும் கிடந்தது. லேப்டாப் கையில் திறந்தபடியே இருந்தது.

நிஸா டீச்சர் அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உக்காருங்கண்ணே.”

திண்டுக்கல்லில் ஒரு மாடி அறை அது. சொந்தமாக சர்வர் வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து சேருவார்கள். டீச்சருக்கு சௌந்தரபாண்டியின் மூத்த மகள் வயதுதான். ஆனாலும் அவர் முன்னால் உட்கார்ந்தால் இவருக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி. அங்கே வந்து தீராமல் திரும்பிப்போன சிக்கலே இல்லை.

இத்தனைக்கும் டீச்சரின் கை அடுத்தவர் கீபோர்டில் பட்டதே கிடையாது. தட்டுவதெல்லாம் வந்தவர்தான். அது ஒன்றுதான் சௌந்தரபாண்டிக்குப் புரியாத விஷயம், கொஞ்சம் எரிச்சலும்கூட.

“சர்வர்ல என்ன ஏத்தறீங்க, யாருக்கு?”

“பிளாக். என் வீட்டுக்காரிக்கு, செண்பகத்துக்கு.”

செண்பகம் ரயில்வே கேட் கீப்பர். கேட் மூடியிருக்கும்போது இரண்டு பக்கமும் காத்து நிற்கிற ஜனங்களைப் பற்றி இணையத்தில் பிளாக் எழுதுவாள். பெண் பார்க்கப் போகிற வேன், பரீட்சைக்கு நேரமாகிவிட்ட பையன், ரயில் போனபிறகும் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றுவிட்ட ஒரு மனிதர். அதைப் படிக்கக் கனடாவில்கூட ஆள் இருந்தது. அவளைவிட இவருக்குத்தான் அதில் பெருமை. அவள் போனில் பேசி அனுப்புவாள். இவர் தட்டி, ஒரு வார்த்தையைக் கூட்டி ஒரு வார்த்தையைக் குறைத்து, வெளியிடுவார்.

அவர்கள் இருந்த இலவசத் தளத்தை இன்று சாயங்காலத்தோடு மூடுகிறார்கள். வாசகர்களுக்குப் புது முகவரி சொல்லியாயிற்று. வீட்டு பீரோ மேல் ஒரு பழைய கம்ப்யூட்டரை சர்வராக்கி, லேப்டாப் வழியாக அதற்குள் நுழைந்து பிளாக் மென்பொருளை ஏற்றிக்கொண்டிருந்தார் சௌந்தரபாண்டி. ஏறமாட்டேன் என்கிறது.

“அவ என்ன சொல்றான்னா…” என்று ஆரம்பித்தவர் மிச்சமிருந்த செருப்பையும் கழற்றி ஓரமாகப் போட்டார். “‘இன்னிக்கு வரலைன்னா விட்டுருங்க, நான் எழுதறதையே நிறுத்திக்கறேன்’னு சொல்லிட்டா டீச்சர்.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

“எங்கே அவங்க?”

“கீழே ஸ்கூட்டர்கிட்ட நிக்கறா. இதெல்லாம் அவளுக்கு என்ன புரியும், நிழல்ல இருன்னுட்டேன்.”

டீச்சர் ஜன்னல் வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

“பிளாக் என்ன சொல்லுது?”

“‘இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை’ங்குது.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

சௌந்தரபாண்டி ஒப்பித்தார். மென்பொருளைத் திரும்ப இறக்கினார். டேட்டாபேஸை அழித்துவிட்டு மறுபடி உருவாக்கினார். கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வந்தார். கடைசியில் மோடத்தையும் அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

“பாவம், அந்த மோடம் என்ன பண்ணுச்சு?” என்றார் டீச்சர். “எல்லாத்தையும் எந்தப் பேர்ல உள்ளே போய்ச் செஞ்சீங்க?”

“ரூட்தான் டீச்சர். வேற என்ன?”

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு மிடுக்கு வந்தது. ரூட் என்றால் சர்வருக்கே முதலாளி. அந்தப் பேரில் நுழைந்துவிட்டால் எதையும் செய்யலாம், கேட்க ஆள் கிடையாது.

“ரூட்டாப் போனா எல்லாம் சுளுவா முடியும்ல?”

“முடியும்,” என்றார் டீச்சர்.

டீ தயாராகியிருந்தது. டம்ளரில் ஊற்றி எடுத்து வந்து நீட்டினார். சௌந்தரபாண்டி வாங்கக் கையை நீட்டினார்.

டீச்சர் டம்ளரை விடவில்லை.

இவர் லேசாக இழுத்தார். அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“டீ உங்களுக்குத்தான்ணே. டம்ளர் என்னோடது. நான் பிடிச்சுக்கறேன், நீங்க குடிங்க.”

“டீச்சர், சூடா இருக்கு…”

“அதான் நான் பிடிச்சிருக்கேன். குடிங்க.”

வேறு வழியில்லாமல் அவர் கழுத்தை நீட்டி வாயைக் கொண்டுபோனார். ஆனமட்டும் உறிஞ்சியதில் மூக்குதான் நனைந்தது, சட்டையிலும் கொஞ்சம் சிந்தியது. அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் அவசரமாகத் தங்கள் லேப்டாப்புக்குள் குனிந்துகொண்டார்கள்.

“எப்படி இருக்கு டீ?”

“எப்படிக் குடிக்கிறது? நீங்க கையை எடுத்தாத்தானே…”

பாதியில் அவர் வாய் நின்றுவிட்டது.

டம்ளரைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார்.

பிறகு விரல்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. பிளாக்கின் கோப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உரிமையாளர் ரூட் என்று இருந்தது. பிளாக்குக்கென்று சர்வரில் வேறொரு சின்னப் பெயர் உண்டு, அதுதான் அங்கே வேலை செய்யவேண்டிய ஆள். அதற்கென்று ஒரு கோப்புகூட இல்லை.

ஒரே ஒரு வரி தட்டினார். கோப்புகள் எல்லாம் அந்தச் சின்னப் பெயருக்குப் போய்ச் சேர்ந்தன.

பக்கத்தைப் புதுப்பித்தார். இரண்டு நாளாக முறைத்துக்கொண்டிருந்த திரை, நல்வரவு என்றது.

சௌந்தரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன மூளை இந்தப் பெண்ணுக்கு என்று வியந்தார். ஒரு விசையைத் தொடவில்லை, ஒரு வரி சொல்லிக்கொடுக்கவில்லை. இவரையே கண்டுபிடிக்க வைத்துவிட்டார். கும்பிடவேண்டும்போல இருந்தது.

“முடிஞ்சுது டீச்சர். இன்னும் ரெண்டு கட்டம் நிரப்பினாப் போதும்.”

டீச்சர் இப்போதும் டம்ளரைப் பிடித்தபடிதான் நின்றார்.

முதல் கட்டம், பிளாக்கின் பெயர். ‘கேட் மூடியிருக்கிறது’ என்று தட்டினார். செண்பகம் வைத்த பெயர்.

அடுத்த கட்டம், உரிமையாளர் பெயர். சௌந்தரபாண்டி என்று தட்டினார். கை தன்பாட்டில் தட்டியது, எப்போதும் தட்டுகிற பெயர்தானே.

கீழே கடவுச்சொல் கேட்டது. அதற்கும் கை போனது.

போன கை பாதியில் நின்றது.

டீச்சர் பிடித்திருந்த டம்ளரில் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

சௌந்தரபாண்டி தன் பெயரை ஓர் எழுத்து, ஓர் எழுத்தாக அழித்தார். எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

“செண்பகம், மேலே வா.”

“வந்துடுச்சா?” என்று கேட்டது கீழிருந்து.

“நீ வா.”

அவள் மாடியேறி வந்தாள். வெயிலில் நின்ற முகம். இவர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காராமல் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையை ஆட்டிய பிறகு உட்கார்ந்தாள். இரண்டு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தன் பெயரைத் தட்டினாள். சௌந்தரபாண்டிக்கு உதவி செய்யக் கை பரபரத்தது. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கடவுச்சொல் போடணுமாம்,” என்றாள்.

“போடு.”

“உங்ககிட்டயும் சொல்லணுமாங்க?”

சௌந்தரபாண்டி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

டீச்சர் டம்ளரை அவர் கையில் வைத்துவிட்டு, தன் கையை எடுத்துக்கொண்டார்.