காசு மறையும் பெட்டி

கோவை காந்திபுரத்துப் பக்கம், ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் ரெஜினா மேஜிக் கற்றுக்கொடுக்கிறாள். மேடை மேஜிக் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்கு முன்னால், கையெட்டும் தூரத்தில் செய்கிற மேஜிக். நாற்பதைத் தொடாதவள். அவளுடைய சீடர்களில் மூத்தவர் நாச்சிமுத்து, டயர் கடை முதலாளி. மாமனார் ஆகப்போகிற வயசில் அவருக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். வந்துவிட்டது. தன்னைவிடச் சின்னவளை 'டீச்சர்' என்று கூப்பிட அவர் ஒரு நாளும் கூச்சப்பட்டதில்லை. அவர் கூசிப்போய் உட்கார்ந்த கதை வேறு.

ரெஜினாவிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சாமான் எது வந்தாலும் உடனே தன் பையில் சேர்க்க மாட்டாள். ஒரு சீடரிடம் கொடுத்து, "நாலு பேர் முன்னால செஞ்சு பார்த்துட்டு, எப்படின்னு வந்து சொல்லுங்க" என்பாள். பிடிக்காவிட்டால் சாமான் அனுப்பிய கடைக்காரரிடமே திருப்பிவிடுவாள்.

அந்தத் தடவை நாச்சிமுத்துவின் கைக்கு வந்தது ஒரு சின்ன மரப்பெட்டி. உள்ளே காசைப் போட்டு மூடித் திறந்தால் காசு இருக்காது. மறுபடி மூடித் திறந்தால் இருக்கும். ரகசியம் ஒரு மெல்லிய வட்டத் தகடு. அதன் ஒரு பக்கம் பெட்டியின் அடியைப் போலக் கறுப்பு வெல்வெட், இன்னொரு பக்கம் மூடியின் உள்பக்கத்தைப் போல வெள்ளைத் தகரம். காந்தத்தில் மூடியோடு ஒட்டியிருக்கும். தட்டினால் காசின் மேல் விழுந்து, வெல்வெட் மேலே தெரிய, காசை மறைத்துக்கொள்ளும். அமுக்கித் திறந்தால் மறுபடி மூடியோடு வந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி.

திங்கட்கிழமை காலையிலேயே நாச்சிமுத்து வந்துவிட்டார்.

"டீச்சர், பெட்டி அருமைங்க. யோசிக்காம வாங்கிப் போடுங்க."

"எங்கண்ணா செஞ்சு பார்த்தீங்க?"

"நேத்து மாப்பிள்ளை வீடு பார்க்கக் கோபிக்குப் போனோம். நம்ம பொண்ணு மிதுனாவுக்கு வரன் வந்திருக்குதுன்னு சொன்னேனில்லீங்களா, அவங்க வீடு. அங்கதான்."

"வீடு பிடிச்சுதா?"

நாச்சிமுத்து முகத்தைச் சுளித்தார். "பையன் தங்கம். மிதுனாவுக்கும் பிடிச்சுப் போச்சு. பையனோட அம்மாதான், பாவாத்தாள்னு பேரு, சுத்த வெகுளி. எதைச் சொன்னாலும் தலையாட்டுது. எம்.எஸ்ஸி. படிச்ச பொண்ணு அந்தம்மாகூட உட்கார்ந்து என்னத்தைப் பேசும் சொல்லுங்க? இன்னைக்குப் பதில் சொல்றேன்னு வந்திருக்கேன். வேண்டாம்னுதான் தோணுது."

"வெகுளின்னு எப்படிண்ணா தெரிஞ்சுது?"

"இந்தப் பெட்டிதாங்க காட்டிக் குடுத்துச்சு" என்று சிரித்தார்.

பிறகு நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது மனிதருக்கு அத்தனை குஷி.

"காப்பி குடிச்சு முடிச்சதும் ஆரம்பிச்சேன். அந்தம்மா எனக்கு நேர் எதிர்ல, முட்டி இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்துச்சு. மாப்பிள்ளைகிட்டயே காசு வாங்கிப் போட்டேன். மறைச்சேன். மறுபடி வரவெச்சு, காசை எடுத்துத் தூக்கிக் காட்டி அவர் கையிலயே குடுத்தேன். வீடே கை தட்டுச்சு. அந்த நேரம் பார்த்து அந்தம்மா 'குடுங்க பார்க்கலாம்'னு கையை நீட்டிருச்சு. மூடியை உத்துப் பார்த்தாத் தகடு தெரிஞ்சு போயிருமே. சம்பந்தம் பேசற இடத்துல தரமாட்டேன்னு சொல்ல முடியுங்களா? குடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. மூடுச்சு. என் கையில குடுத்துட்டு, 'ஒண்ணுமே தெரியலீங்க'ன்னுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சும்மா வேடிக்கைக்குத்தான். 'இதுக்கெல்லாம் கொஞ்சம் மூளை வேணுமுங்க'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மாவும் சிரிச்சுது."

ரெஜினா சிரிக்கவில்லை. "அதுக்கப்புறம் பெட்டியைத் திறந்தீங்களா?"

"இல்லீங்க. அப்படியே பைக்குள்ள வெச்சவன் இப்பத்தான் எடுக்கறேன்."

ரெஜினா பெட்டியை வாங்கித் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்படியே அவர் பக்கம் நீட்டினாள். பெட்டியின் அடியில் வெள்ளைத் தகரம் பளபளத்தது.

"தகடு தலைகீழாக் கிடக்குதே" என்றார் நாச்சிமுத்து.

"மூடியிலிருந்து தானா விழுந்தா எந்தப் பக்கம் மேல வரும்?"

"வெல்வெட்டுங்க."

"செஞ்சு பாருங்க."

அவர் தகட்டை மூடியில் ஒட்டவைத்துத் தட்டினார். வெல்வெட். மறுபடி தட்டினார். மறுபடியும் வெல்வெட். மெதுவாகத் தட்டினார், வேகமாகத் தட்டினார். தகரம் ஒரு தடவைகூட மேலே வரவில்லை.

"யாராவது கையால எடுத்துப் போட்டாத்தான் இப்படி..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எதிர்ல உட்காருங்கண்ணா" என்றாள் ரெஜினா. "அந்தம்மா உட்கார்ந்த மாதிரி, கிட்டத்துல."

உட்கார்ந்தார். அவள் காசைப் போட்டாள், மறைத்தாள், வரவழைத்தாள். நாச்சிமுத்து எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தாள். வலது கையில் காசைத் தலைக்கு மேலே தூக்கி, முகத்தை நிமிர்த்தி, நாலு பக்கமும் பார்த்துச் சிரித்தாள். இடது கையில் இருந்த மூடியை, அவர் கைத்தட்டல் வாங்கும்போது ஆட்டுவாரே, அதேபோல் ஆட்டினாள். காந்தத்துக்கு வலு போதவில்லை. தகடு வழுக்கி, சத்தமே இல்லாமல் அவர் வேட்டி மடியில் விழுந்தது.

ரெஜினா குனிந்து பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

நாச்சிமுத்து மடியைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் செத்துப்போனது.

"முந்தானையை எடுத்து மடியில போட்டுச்சு" என்றார். "கை தட்டறப்போ. நான் என்னவோ அந்தம்மா வெக்கப்படுதுன்னு நெனச்சேன். அப்புறந்தான் 'குடுங்க பார்க்கலாம்'னு கேட்டுச்சு."

ரெஜினா காசைக் கீழே வைத்தாள்.

"தகட்டை உள்ள போட்டு மூடிக் குடுக்கறதுக்குத்தான் கேட்டிருக்குது. நான் குடுக்க யோசிச்சேன் பாருங்க, அதையும் பார்த்திருக்கும்."

"மடியில விழுந்தது உங்களுக்குன்னா என்ன செஞ்சிருப்பீங்கண்ணா?"

நாச்சிமுத்து பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எடுத்து எல்லாருக்கும் காட்டியிருப்பேங்க. விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன். ஊருக்கு வந்து கடையில சொல்லியும் சிரிச்சிருப்பேன்."

தகட்டை மடியிலிருந்து எடுக்க அவருக்குக் கை வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வெக்கமா இருக்குதுங்க டீச்சர். பொண்ணைப் பெத்தவன் புதுச் சனத்துக்கு முன்னால தலைகுனியக் கூடாதுன்னு, என் மானத்தைப் பெட்டிக்குள்ள போட்டு மூடி என் கையிலயே குடுத்திருக்குது. அதை வாங்குன கை சூடு ஆறுமுன்னே, 'மூளை வேணும்'னு சொல்லிட்டு வந்திருக்கேன். வந்து அந்த வீடு வேண்டாங்கறேன். அதையும் உங்ககிட்டப் பெருமையாச் சொல்றேன். நானெல்லாம் ஒரு மனுஷன்."

"தண்ணி குடிங்கண்ணா."

குடித்தார். போனைக் கையில் எடுத்தார்.

"மன்னிப்புக் கேட்டுடறேன். எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சுங்க, தப்பா நெனச்சுக்காதீங்கன்னு."

"அவங்க மூடிக் குடுத்ததைத் திறந்து அவங்களுக்கே காட்டப் போறீங்களா?"

விரல் போன் மேலேயே நின்றது. பிறகு எண்ணை அழுத்தினார். எடுத்தது பாவாத்தாள்தான்.

"சம்பந்தியம்மாங்களா?" என்றார்.

பதில் அந்த ஒரு வார்த்தையிலேயே இருந்தது. உள்ளே திரும்பி வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லும் குரல் கேட்டது. பிறகு பாவாத்தாள் மறுபடி போனுக்கு வந்தாள்.

"ரொம்பச் சந்தோசமுங்க. மிதுனாவை எங்க பொண்ணாட்டப் பார்த்துக்குவோம். நீங்க கவலையே படாதீங்க."

"தெரியுமுங்க" என்றார் நாச்சிமுத்து.

"அப்புறம் இன்னொண்ணுங்க. கல்யாணத்துக்கு அந்தப் பெட்டியை மறக்காமக் கொண்டாந்துருங்க. எங்க சனமெல்லாம் பார்க்கோணும். ராத்திரியெல்லாம் நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன், அந்தக் காசு எங்க போச்சுன்னு ஒண்ணுமே பிடிபடலீங்க."

"சரிங்க" என்றார் நாச்சிமுத்து. அது அவருக்கே கேட்டிருக்காது. போனை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணைத் துடைக்கவில்லை. ரெஜினா தகட்டை அவர் மடியிலிருந்து எடுத்து, வெல்வெட் மேலே வரும்படி பெட்டிக்குள் போட்டு மூடினாள். கடைக்காரருக்குத் திருப்புகிற சாமான்களோடு அதைச் சேர்த்து வைத்தாள்.

"அருமையான பெட்டின்னு சொல்லிட்டு வந்தேனுங்களே" என்றார் அவர், நிமிராமலே. "நேத்து யாருமே கண்டுபிடிச்சுச் சொல்லலைங்கறதும் நிசந்தானுங்களே."

"நிசந்தாண்ணா. ஆனா பெட்டி நமக்கு வேண்டாம். எல்லா வீட்டுலயும் அந்தம்மா உட்கார்ந்திருக்க மாட்டாங்க."