சனிக்கிழமை ஓடிய ஜெனரேட்டர்

"டீச்சர், நீங்க சொல்லிக் குடுத்தது பொய்."

தொம்மை நோட்டை மேசையில் எறிந்தான். அது சறுக்கிப் போய் கித்தேரி டீச்சரின் டீ டம்ளரில் இடித்து நின்றது.

டீச்சர் டீசல் எஞ்சின் வேலை சொல்லிக்கொடுப்பவர். கற்றுக்கொண்ட தொம்மை அவரைவிட ஒன்பது வயது மூத்தவன். அந்தக் கடற்கரை ஊரின் சின்ன வானொலி நிலையத்தில், கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போட்டு ஒலிபரப்பு நிற்காமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு.

"எது பொய்?"

"வாராவாரம் ஓட்டிப் பாருங்கன்னிய. ஓட்டுனேன். எம் மவ கல்யாணத்தன்னைக்கும் பத்து நிமிசம் ஓட்டிட்டுத்தான் கோயிலுக்குப் போனேன். நோட்டைப் பாருங்க."

டீச்சர் பார்த்தார். ஐம்பத்திரண்டு சனிக்கிழமைகள். ஐம்பத்திரண்டு வரிகள். எல்லாவற்றிலும் ‘நன்றாக ஓடியது’. ஏட்டுச் சுரைக்காய் என்றாலும் அழகான கையெழுத்து.

"வருசம் பூரா கரண்டே போகல. புயலன்னைக்குத்தான் லைன் கரண்டை நிறுத்துனாங்க. ஜெனரேட்டர் ஓடுச்சு. ஸ்டேஷன் மெசினு, மைக்கு, மொத்த லோடையும் அதுக்கு மாத்துனேன். கரும்புகையைக் கக்கிட்டு நின்னுட்டு. காத்து திரும்பிட்டு, உடனே கரைக்கு வாங்கன்னு சொல்ல வேண்டிய நேரம், டீச்சர். ரேடியோ ஊமையாக் கெடந்துது."

டீச்சர் நோட்டை மூடி வைத்தார்.

"மூணு வள்ளம் வானத்தைப் பாத்துத் திரும்பிட்டு. எம் மச்சான் பாக்கியம் வானத்தைப் பாக்க மாட்டான். ரேடியோவத்தான் நம்புவான்."

பாக்கியம் திரும்பவில்லை. அவன் மனைவி, தொம்மையின் தங்கை, நாற்பது நாளாகத் தொம்மையோடு பேசவில்லை. அவளை அவன் ஒரு குறையும் சொல்லவில்லை. கடலில் இன்னொரு புயல் சின்னம் என்று அன்று காலையில்தான் செய்தி வந்திருந்தது.

டீச்சர் டீயைக் குடிக்காமல் எழுந்தார்.

"வாங்க. சனிக்கிழமை எப்படி ஓட்டுவியளோ, அப்படி ஓட்டிக் காட்டுங்க."

நிலையத்தின் பின்பக்கக் கொட்டகையில் தொம்மை ஜெனரேட்டரைப் போட்டான். ஒரே சுழற்றில் கிளம்பிச் சீராக ஓடியது. உள்ளே நேயர் விருப்பம் போய்க்கொண்டிருந்தது. யாருக்கோ பிறந்தநாள் பாட்டு.

"பாத்தியளா? ஒரு குத்தம் சொல்லுங்க பாப்போம்."

"லோடை இதுக்கு மாத்துங்க."

"இப்பவா? லைன் கரண்ட் இருக்கே."

"சனிக்கிழமையெல்லாம் மாத்துனியளா?"

"அது எப்படி மாத்த? மாத்துனா பாட்டு பாதியில அந்துரும். போனைப் போட்டு ஏசுவாங்க. மொத வாரம் ஒருக்க மாத்துனதுக்கே எங்க அம்மைய இழுத்துட்டானுவ."

டீச்சர் சுவரில் இருந்த, லோடை மாற்றும் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

பாட்டு ஒரு சொல்லின் நடுவில் நின்றது. ஜெனரேட்டர் உறுமியது, இருமியது, கரும்புகையைக் கக்கியது. பிறகு அதுவும் நின்றது. கொட்டகைக் கூரையில் காக்கை கத்துவது கேட்டது.

தொம்மை கைப்பிடிக்குப் பாய்ந்தான். டீச்சர் குறுக்கே நின்றுகொண்டார்.

"தள்ளுங்க டீச்சர்! ஊரே கேட்டுக்கிட்டு இருக்கு!"

"கேக்கட்டும்."

"எனக்கு அவமானமா இருக்கு!"

"எனக்கும்தான். இந்த நோட்டுல மாசாமாசம் கையெழுத்துப் போட்டவ நான். எஞ்சினைத் தொட்டுக்கூடப் பாக்கல. லோடு இல்லாம சும்மாவே ஓட்டி ஓட்டி அதுக்குத் தொண்டையெல்லாம் கரி. ஒங்க மேல உள்ள கோவத்தைவிட எனக்கு எம்மேலதான் கோவம்."

தொம்மையின் சட்டைப் பையில் நிலையத்துப் போன் அடித்தது. எடுத்தான். வசவு. வைத்ததும் மறுபடி அடித்தது. பேத்தியின் பிறந்தநாள் பாட்டை அறுத்தவன் விளங்குவானா என்று ஒரு கிழவர் கேட்டார். அடுத்தவர் கேட்டதை எழுத முடியாது. அதற்கடுத்தவர் அவன் குடும்பத்தில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

அதன் பிறகும் போன் ஓயவில்லை. தொம்மை போனை டீச்சரின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"கேளுங்க! நல்லாக் கேளுங்க! இந்த ஏச்சுக்குப் பயந்துதான் மாத்தல! எனக்கு இது தேவையா?"

"எத்தனை போன் ஆச்சு?"

"பதினொண்ணு!"

"அன்னைக்கு ரேடியோ நின்னப்ப, கடல்லேருந்து எத்தனை போன் வந்துது?"

தொம்மை நீட்டிய போனைக் கீழே இறக்கினான்.

கையிலிருந்த போன் மறுபடி அடித்தது.

"எடுங்கண்ணே," என்றார் டீச்சர். "ஏசுறதுக்கு ஆளு உசுரோட இருக்குல்லா."