பத்துக் கட்டிலுக்கும் பதினெட்டு

"வலிக்குப் போடுற ஊசிக்கு நேரம் சொல்றது வலியா, கடிகாரமா சிஸ்டர்?"

கேட்டவர் அமலோற்பவம். பதினெட்டு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் மறுபடி நர்ஸ் வேலைக்கு வந்தவர். எலும்பு வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் மெஹருன்னிசாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. வேலை சொல்லிக்கொடுப்பவர் 'அக்கா' என்பார். கற்றுக்கொள்பவர் 'சிஸ்டர்' என்பார். இருவருக்கும் அது உறுத்தியதில்லை.

கேள்விக்குக் காரணம் ஆறாம் கட்டில். இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன முன்னாள் பஸ் டிரைவர் வேலாயுதம், வயது எழுபத்திரண்டு. விடிகிற வரை வார்டையே அதிர வைத்தவர், இரண்டு மார்ஃபின் ஊசிக்குப் பிறகு அசையாமல் தூங்கினார். பதினோரு மணிக்கு மூன்றாவது. சிரிஞ்சில் மருந்தை ஏற்றி அமலோற்பவம் கையில் வைத்திருந்தார்.

"போட்டுடுங்க சிஸ்டர்," என்றாள் மகள் செண்பகம். "முழிச்சார்னா என்னைத்தான் திட்டுவாரு. இப்பதான் பச்சப்புள்ள மாதிரி தூங்குறாரு."

மெஹருன்னிசா கட்டிலில் தொங்கிய சீட்டைப் பார்த்தார். நிமிடத்துக்கு மூச்சு பதினெட்டு. ஏழாம் கட்டில் சீட்டைப் பார்த்தார். எட்டாவதையும், வார்டின் மற்ற சீட்டுகளையும். எல்லாம் பதினெட்டு.

"பத்துப் பேரும் பஜனையா பாடுறாங்க அக்கா? தாளம் தப்பவே இல்லையே."

அமலோற்பவத்துக்கு முகம் சுண்டியது. "நாடி, பிரஷர் எல்லாம் பார்த்துதான் எழுதினேன் சிஸ்டர். இதை மட்டும்... எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க."

மெஹருன்னிசா ஸ்டூலை இழுத்துப் போட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார்.

"உட்காருங்க. அவர் நெஞ்சுல கை வைங்க. முழுசா ஒரு நிமிஷம்."

நெஞ்சு ஏறியது, இறங்கியது. அப்புறம் ஏறவில்லை. நொடிமுள் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அமலோற்பவம் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒருவழியாக ஏறியது.

நிமிடம் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏழு."

"ஊசியைத் தட்டுல வைங்க. டாக்டரைக் கூப்பிடுங்க, ஓடுங்க."

மெஹருன்னிசா ஆக்சிஜனைத் திறந்தார். "ஐயா! வேலாயுதம் ஐயா!" தோளை உலுக்கினார். இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்மணி கடுகாய்ச் சுருங்கியிருந்தது.

டாக்டர் வந்து, மூச்சை அமுக்கிய மார்ஃபினை முறிக்கும் மருந்தைச் சிறுகச் சிறுக ஏற்றினார். பத்து நிமிடத்தில் மூச்சு பதினாலுக்கு வந்தது. கூடவே வலியும் வந்தது.

"எவன்டா என் இடுப்பை அறுக்குறது? விடுங்கடா!"

செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நிம்மதியாத் தூங்கின மனுசன எழுப்பி வதைக்கிறீங்களே..."

அமலோற்பவம் ஊசித் தட்டை எடுத்து ஒதுக்கி வைத்தார். "வலி இல்லாம கிடந்தாரு. நாம மறுபடி அதுக்குள்ள தள்ளிட்டோமே சிஸ்டர். இப்படிக் கத்துறாரே."

மெஹருன்னிசா சீட்டில் பதினாலு என்று எழுதிக்கொண்டே சொன்னார்.

"கத்துறதுக்கு மூச்சு வேணும்ல அக்கா."