குறும்பிவாங்கியால் இடித்த வீடு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் வேண்டாம். அந்த நாட்டு ராஜாவுக்கு ஒருநாள் காலையில் தன் கையாலேயே ஒரு செண்பகக் கன்று நட வேண்டும் என்று ஆசை வந்தது. கன்றைக் கையில் வைத்துக்கொண்டு மண்வெட்டி கேட்டார். தோட்டக்காரன் தலையைச் சொறிந்தான். மண்வெட்டியைப் பக்கத்துத் தெருக்காரர் வாங்கிப் போயிருந்தார். அவரிடமிருந்து இன்னொருவர், அந்த இன்னொருவரிடமிருந்து வேறொருவர். அது திரும்பி வருவதற்குள் உச்சி வெயில் ஏறிவிட்டது. கன்று வாடிவிட்டது, ராஜாவும்தான்.

அன்றைக்கே சட்டம் போட்டார். "இனி எவரும் பிறர் கருவியைக் கையில் எடுக்கலாகாது. எடுத்தவர் வீடு இடிக்கப்படும்." பக்கத்தில் நின்ற பிரதானி சேனைநாதர், "'யாராயிருந்தாலும்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள், பிரபு. கம்பீரமாக இருக்கும்" என்றார். சேர்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஊர் என்ன ஆகும்? கிணற்றுக் கயிறு ஒரு வீட்டில், தோண்டி ஒரு வீட்டில், தண்ணீர் கிணற்றில். உரல் வைத்திருந்தவளும் உலக்கை வைத்திருந்தவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒச்சன் என்கிற குயவனின் வீட்டுக் கூரை ஒழுகியது. அவன் மனைவி பேச்சிக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, ஒழுகலும் நேராகப் பிள்ளை கிடந்த இடத்திலேயே விழுந்தது. பெற்றவன் சட்டமா பார்ப்பான்? பக்கத்து வீட்டு வீராயியிடம் ஏணி வாங்கி, கீற்றோடு கூரைமேல் ஏறிவிட்டான். காவலர்கள் வந்தார்கள். சாட்சிப் பொருள் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒச்சன் மேலேயே இருந்தான். முழங்கால் சரியில்லாதவன், குதிக்கவும் வழியில்லை. பேச்சி கஞ்சிக் கலயத்தை உலக்கை நுனியில் கட்டி மேலே நீட்டினாள். விசாரணைக்கு வரவில்லை என்று அதையும் ஒரு குற்றமாக எழுதிக்கொண்டார்கள்.

வீட்டை இடிக்கத் தீர்ப்பாயிற்று. சபையில் கூத்தபிரான் என்றொரு விதூஷகன் இருந்தான். "பச்சைப் பிள்ளைக்காரி இருக்கிற வீடு, பிரபு" என்றான்.

சேனைநாதருக்குக் கூத்தபிரானைக் கண்டாலே வயிறு எரியும். தான் பேசினால் கொட்டாவி விடுகிற ராஜா, அவன் பேசினால் சிரிக்கிறாரே என்பது அவர் குறை. "இவ்வளவு இரக்கமுள்ளவர் கையாலேயே இடிக்கட்டும், பிரபு. நாளைக் காலை தொடங்கி, முடியும்வரை நிறுத்தலாகாது. சட்டப்படி சொந்தக் கருவியால்தான் இடிக்க வேண்டும். தவறினால் இவர் வீட்டையும் இடித்துவிடலாம்" என்றார். கூத்தபிரான் வீட்டில் கடப்பாரையும் கிடையாது, மண்வெட்டியும் கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஆகட்டும்" என்றார் ராஜா.

"உத்தரவு" என்றான் கூத்தபிரான்.

மறுநாள் காலையில் குயவர் தெருவுக்குப் போய், ஒச்சன் வீட்டுச் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அரைஞாணில் தொங்கிய குறும்பிவாங்கியை அவிழ்த்தான். காதில் அழுக்கெடுக்கிற சின்னச் செப்புக் கரண்டிதான், நெல்மணி அளவு முனை. அதை வைத்துச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தான்.

"என்ன சாமி செய்றீங்க?" என்று கூரைமேலிருந்து ஒச்சன் கேட்டான்.

"உன் வீட்டை இடிக்கிறேன் அப்பா. நீ உன் வேலையைப் பாரு. கூரை முடிஞ்சுதா?"

"வடக்குப் பக்கம் பாக்கி, சாமி."

"அவசரமில்லை."

மூன்றாம் நாள் ராஜா பல்லக்கில் வந்து இறங்கினார். பிரதானியும் கூடவே வந்தார். சுவரில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு குழி இருந்தது.

"என்ன இது?" என்றார் ராஜா.

"இடிக்கிறேன், பிரபு. உத்தரவுப்படி நிறுத்தவில்லை. சோறுகூட என் சம்சாரம்தான் ஊட்டிவிடுகிறாள். சொந்தக் கருவி என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்."

"எப்போது முடியும்?"

"இந்தச் சுவர் என் பேரன் காலத்தில் முடியும். மற்ற மூன்றுக்கும் தங்கள் பேரனிடம் உத்தரவு வாங்கிக்கொள்வோம்."

"பரிகாசம் செய்கிறான், பிரபு" என்றார் சேனைநாதர்.

ராஜாவுக்குக் கோபம் வந்தால் காது அரிக்கும். மழை ஈரம் வேறு, அன்றைக்குப் பொறுக்க முடியவில்லை. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார், எட்டவில்லை. கை தன்னால் நீண்டது. "அதை இப்படிக் கொடு."

கூத்தபிரான் வேட்டியில் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தான். ராஜா கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நிதானமாகக் குடைந்தார். அப்பாடா, என்ன சுகம். கண்ணைத் திறந்தபோது கூத்தபிரான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏன் நிறுத்தினாய்?"

"கருவி இல்லை, பிரபு."

"எங்கே போயிற்று?"

"ஒருவர் கேட்டார். கொடுத்தேன்."

ராஜா தன் கையைப் பார்த்தார். பிறகு பிரதானியைப் பார்த்தார். பிரதானி தரையைப் பார்த்தார்.

"சட்டத்தில் 'யாராயிருந்தாலும்' என்று இருக்கிறது, அல்லவா?" என்று ராஜா மெதுவாகக் கேட்டார்.

"கம்பீரமாக இருக்கட்டுமே என்று..." என்று இழுத்தார் சேனைநாதர்.

"அரண்மனைக்கு எழுபது சுவர், பிரபு" என்றான் கூத்தபிரான், பணிவாக. "தொடங்க நான் தயார். தாங்கள் அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஆகும்."

ராஜா சிரித்தார். முதலில் வாய்க்குள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சட்டம் அங்கேயே ரத்தானது. சாட்சியாகப் போன வீராயியின் ஏணி அரண்மனையிலிருந்து வந்து சேர்ந்தது. அதைப் போடுவதற்கு முன், ராஜாவே வீராயி பக்கம் திரும்பி, "அம்மா, உங்கள் ஏணியைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா எடுத்துக்குங்க, சாமி. மழையில மட்டும் போட்டுடாதீங்க" என்றாள் வீராயி.

ஒச்சன் இறங்கினான். இத்தனை நாளும் கூரைமேலிருந்து அழுகுரலை மட்டுமே கேட்க முடிந்த பிள்ளையைக் கையில் வாங்கினபோது அவனால் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டான். பிள்ளை நனையாமல் இருந்தது. சுவரிலிருந்த குழியைச் சேனைநாதர்தான் மண் குழைத்துப் பூசினார், ராஜ உத்தரவு.

கூத்தபிரானுக்குப் பட்டு வந்தது, புதுக் கடப்பாரை வந்தது, மண்வெட்டி வந்தது. அன்று மாலைக்குள் கடப்பாரை எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. குறும்பிவாங்கி மட்டும் வரவில்லை. இரண்டு முறை ஜாடையாகக் கேட்டும் பார்த்தான்.

"என்னிடம்தான் பத்திரமாக இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன்" என்றார் ராஜா.